பந்து அறியாத பேதம்

பொதிகையில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையின் நஞ்சைகளையெல்லாம் ஊட்டி வளர்த்துவரும் தாமிரபரணி, ஆத்தூரையும் முக்காணியையும் கடந்து கடலொடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது புன்னக்காயல். முத்துக்குளிப்புக்குப் பேர்பெற்ற கரை அது. 16-ஆம் நூற்றாண்டில் அண்ட்ரிக் அடிகளார் தங்கித் தமிழ் அச்சுக்கு உழைத்த ஊருமாதலால், அச்சுப்பொறியை நம்பிப் பிழைக்கும் நமக்கு அவ்வூர்மீது தனித்ததோர் அபிமானமுண்டு. சென்ற வாரம் நண்பர் ஒருவரின் இல்லத்து விசேஷத்தை முன்னிட்டு அங்குச் சென்றிருந்தோம்.

மாலையில் முகத்துவாரத்தருகே, அலை நனைத்து இறுகிய மணலில் சிறுவர் பத்துப் பன்னிருவர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். நட்டுவைத்த மூன்று குச்சிகள், ஒரே ஒரு மட்டை, மயிர் தேய்ந்த ஒரு டென்னிஸ் பந்து. இவையே அவர்களுடைய தளவாடங்கள். அவர்களுள் மெலிந்த சிறுவன் ஒருவன் இடக்கையால் பந்து வீசினான். அவன் வீசிய பந்து காற்றில் சற்றே தயங்கி, ஆடுபவனை முன்னே வரும்படி ஆசை காட்டி, தரையில் பட்டதும் அவன் மட்டையை ஏமாற்றி விலகிற்று. பொழுது சாயுமட்டும் அவனே வீசினான். ஒருமுறையேனும் மட்டையைத் தொட்டானில்லை. அருகில் அழைத்துக் காரணம் கேட்டோம். “மட்டை அவங்களோடது, சார். நான் பந்து போடத்தான்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான். அவன் குரலில் குறையொன்றும் தொனிக்கவில்லை. உலகம் அப்படித்தான் அமைந்துள்ளது என்று அவன் எண்ணியிருக்கிறான் போலும்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நம் மனத்தில் நின்றவர் வேறொருவர். அவரும் இடக்கையால் மெதுவாகப் பந்து வீசியவர். அவருக்கும் பிறர் அளித்தது பந்தே, மட்டையன்று. அவர் பெயர் பல்வங்கர் பாலு.

நேயர்களுள் பலர் இப்பெயரைக் கேள்வியுற்றிரார். ஆனால் ஜாக்கி ராபின்சன் என்னும் அமெரிக்கரின் பெயரைக் கேட்டிருப்பர். அமெரிக்கர்கள் உயிரினும் மேலாகக் கருதும் பேஸ்பால் ஆட்டத்தின் பெரிய கழகங்களில், கறுப்பர் எவரையும் சேர்ப்பதில்லை என்றோர் எழுதாச் சட்டம் பல பத்தாண்டுகள் நிலவியது. 1947 ஏப்ரல் 15-ந் தேதி, புரூக்ளின் டாட்ஜர்ஸ் கழகத்தின் உடையணிந்து மைதானத்தில் இறங்கி அதனை முறித்தவர் ராபின்சன். அவர் வெறும் துணிச்சற்காரர் அல்லர். பிறவி விளையாட்டு வீரர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுக்களில் அதன் சார்பாக ஆடியவர். 1940-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த நீளத்தாண்டற் போட்டியில் முதல்வர். பெரிய கழகத்தில் ஆடிய முதல் வருஷமே, அவ்வருஷத்துப் புதுவீரர்களில் தலைசிறந்தவர் என்ற பரிசைப் பெற்றார். 1949-இல் தமது பிரிவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது அவரைச் சார்ந்தது. எதிரி பந்தெறியக் கையோங்கும் அந்தக் கணத்தில் பாய்ந்தோடி, அடுத்த தளத்தைக் கைப்பற்றுவதில் அவருக்கு இணையானவர் அரிது. 1955-ஆம் வருஷத்து இறுதிப் பந்தயத் தொடரிலே, 36 வயதில், கடைசித் தளத்தையே அவ்வாறு பாய்ந்து கவர்ந்தார். அவர் அணிந்த 42-ஆம் எண்ணை, 1997-இல், எல்லாப் பெரிய கழகங்களும் வேறொருவருக்கும் அளிப்பதில்லை என்று தீர்மானித்தன. ஒரு தேசம் தன் வீரனுக்குச் செய்த மரியாதை அது.

நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் ராபின்சன் புரூக்ளின் மைதானத்தில் இறங்குவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டிற்கு முன்னரே, நம் நாட்டுப் புனா நகரில் இதே வழக்கு தொடங்கிவிட்டது. வாதி ஓர் ஏழை. அவருக்கு வக்கீல் இல்லை. அவருடைய இடக்கையே அவருக்காக வாதாடிற்று.

பாலு 1876-இல் தார்வாரில் பிறந்தார். தோல் பதனிடும் தொழிலுக்குரியதென்று ஒதுக்கப்பட்ட வகுப்பு அவருடையது. தீண்டாமை என்னும் கொடுமையை முழுதும் சுமந்த வகுப்பு. புனாவில் பார்சிகளின் கிரிக்கெட் சங்கமொன்றில் மைதானத்தைக் கூட்டி, உருளை உருட்டும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் புனா சங்கத்தில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். அங்கே வலைகட்டிப் பயிலும் துரைமார்களுக்குப் பந்து வீச ஆள் தேவைப்பட்டது. உருளையைத் தள்ளிய கை பந்தை எடுத்தது. அக்காலத்தில் சிறந்த மட்டை வீரரெனப் பெயர்பெற்ற கிரெய்க் துரைக்குப் பாலு மணிக்கணக்காக வீசினார். துரையை வீழ்த்தும் ஒவ்வொரு தடவைக்கும் 8 அணா இனாம் கிடைத்ததாகச் சொல்வர். அது மெய்யாயின், மாதச் சம்பளத்தை எட்டே பந்துகளில் ஈட்டும் வித்தையை அவர் கற்றிருந்தார் என்க. ஆனால் அவர் கையில் ஒரு நாளும் மட்டையைக் கொடுத்தாரில்லை. மட்டை பிடித்தல் சீமான்களின் சுகம்; பந்து வீசுதல் வேலைக்காரனின் உழைப்பு என்பது அக்காலத்தார் கொள்கை.

இங்கே பாலுவின் வித்தை யாதென்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் பட்ட துன்பத்தை மட்டும் பேசி, அவர் செய்த சாதனையைப் பேசாது விடுதல் அவருக்கு மற்றுமோர் அநீதியாகும். இடக்கையால் மெதுவாக வீசப்படும் பந்து, வலக்கை ஆட்டக்காரனின் காலருகே விழுந்து, அவன் மட்டையை விட்டு வெளிப்புறம் திரும்பும். அங்ஙனம் திரும்புமென்று நம்பி மட்டையை நீட்டினால், அடுத்த பந்து திரும்பாமல் நேரே வந்து குச்சியைத் தகர்க்கும். பந்தைக் காற்றில் உயர்த்தி வீசுவதா, தாழ்த்தி வீசுவதா, ஒரு முழம் முன்னே விழச் செய்வதா, பின்னே விழச் செய்வதா என்பதில்தான் சூட்சுமமெல்லாம் அடங்கியுள்ளது. இருபுறமும் பந்தைத் திருப்பவும், விரைவை மாற்றவும், களைப்பின்றி நாள் முழுதும் வீசவும் பாலு வல்லவராயிருந்தார். துரைமார்களின் வலையில் அவர் சிந்திய வியர்வை, கூலியைவிடப் பெரிய பயனை அளித்தது. உலகத்தின் தேர்ந்த ஆட்டமுறையை எதிரில் நின்று, ஆயிரக்கணக்கான பந்துகளால் சோதித்தறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலேயர் தம் யார்க்ஷயர் வீரர் வில்பிரெட் ரோட்ஸின் பெயரைச் சொல்லி, இவரை ‘இந்தியாவின் ரோட்ஸ்’ என்றழைத்தனர். அவர்களிடமிருந்து அதனினும் பெரிய நற்சாட்சி வேண்டுவதில்லை.

புனா ஹிந்துக்கள் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். வெல்வதற்குப் பாலு வேண்டும். ஆனால் பாலு தீண்டப்படாதவர். என் செய்வது? அவர்கள் கண்ட சமாதானம் விநோதமானது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொடலாம். இடைவேளையில் தேநீர் வந்தால், மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பையில்; பாலுவுக்குக் கொட்டகைக்கு வெளியே மண்பாத்திரத்தில். உணவும் தனியே. அவர் முகங்கழுவத் தண்ணீர் கொடுப்பதற்கும் அவர் வகுப்பைச் சேர்ந்த வேலைக்காரனே வரவேண்டும். பந்தின் வாயிலாகத் தீட்டுப் பரவாது, கோப்பையின் வாயிலாகப் பரவும் என்பது எந்தச் சாஸ்திரத்தின் விதியோ, நாமறியோம்!

சதாராவில் வெள்ளையர் சங்கத்தோடு ஆட்டம் ஏற்பட்டபோது, பாலுவின் பந்து திரும்பாதிருக்கும் பொருட்டு ஒரு வாரம் ஓயாது உருளையிட்டுத் தரையை இறுக்கினராம். அத்தரையிலும் அவர் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஊரார் அவரை யானைமீதேற்றி ஊர்வலம் விட்டனர். புனாவில் நடந்த பாராட்டில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவருக்கு மாலை சூட்டி, இவரோடு சேர்ந்து ஆடுபவர்கள் இவரோடு சேர்ந்து உண்ணவும் பருகவும் ஏன் தயங்கவேண்டும் என்ற கருத்துப்படப் பேசினார். யானைமீதேற்றுதல் எளிது, அதற்கு ஒரு நாள் உற்சாகம் போதும். ஒரே கோப்பையில் தேநீர் கொடுத்தல் கடினம். அதற்கு நெஞ்சு வேண்டும்.

பிளேக் நோய்க் காலத்தில் பாலு பம்பாய் சென்றார். அங்குள்ள ஹிந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்கு முதலில் எதிர்ப்பிருந்தது. வெற்றி வேட்கை அதை வென்றது. 1906 பிப்ரவரியில் ஹிந்துக்களும் ஐரோப்பியரும் பம்பாயில் மோதினர். ஹிந்துக்கள் 242, 160 ஓட்டங்கள் எடுத்தனர்; ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களோடு சுருண்டனர். 109 ஓட்டங்களில் ஜயம் நம்மவர் பக்கம். அதில் பாலுவின் பந்துக்குப் பெரும் பங்குண்டு. அவர் தம்பி சிவராமும் அவ்வணியில் ஆடினார். வங்கப் பிரிவினையால் தேசம் கொதித்திருந்த வேளை அது. அதே 1906-ஆம் வருஷம் அக்டோபரில்தான், புன்னக்காயலுக்குச் சிறிது வடக்கே, தூத்துக்குடியில், ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்தார். கடலிலும் மைதானத்திலும் வெள்ளையனை நேருக்கு நேர் சந்திக்கலாம் என்ற நம்பிக்கை ஒரே ஆண்டில் இரு கரைகளிலும் எழுந்தது. தமிழராகிய காமாட்சி நடராஜன் பம்பாயிலிருந்து நடத்திவந்த ‘இந்தியன் சோஷியல் ரிபார்மர்’ பத்திரிகை, பந்தயத்தின் வெற்றியைவிட, அச்சகோதரர்கள் அணியிற் சேர்க்கப்பட்டதையே பெரிதாகப் பாராட்டி எழுதியது. நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் காணவேண்டியதைக் கண்டார் என்பதில் நமக்குப் பெருமையே.

1911-இல் பட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்திய அணியொன்று இங்கிலாந்து சென்றது. மகாராஜாவுக்கு வயது 19. அவர் மைதானத்தைவிட விருந்து மண்டபங்களையே அதிகம் நாடினார். அணி 23 ஆட்டங்கள் ஆடி, 15-இல் தோற்று, 6-இல் வென்றது. அப்படித் தோற்றுவந்த அணியில் பாலு ஒருவரே 114 விக்கெட்டுகளை, விக்கெட்டொன்றுக்கு 19 ஓட்டங்களுக்கும் குறைவான சராசரியில் வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாருக்கெதிராக ஒரே ஆட்டமுறையில் 103 ஓட்டங்களுக்கு 8 பேரை வெளியேற்றினார். அப்போது அவருக்கு வயது 35. பழக்கமில்லாத நாடும், ஓய்வில்லாத பிரயாணமும் அவர் ஊக்கத்தைத் தளர்த்தவில்லை. வாழ்நாளில் அவர் ஆடிய முதல்தர ஆட்டங்கள் 33, வீழ்த்திய விக்கெட்டுகள் 179, சராசரி 15.21. கோர்ட்டில் எதிர்க்கட்சியாரின் சொந்தக் கணக்குப் புத்தகமே நமக்குச் சாதகமாக அமையுமாயின், வேறு சாட்சி அழைப்பதில்லை. இந்த எண்கள் அத்தகையவை. இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியது 1932-இல். அதற்குள் பாலுவுக்கு 56 வயதாகிவிட்டது.

நிற்க. இத்தகைய வீரரைத் தலைவராக்க நம்மவர் உடன்பட்டனரா? இல்லை. ஆண்டுதோறும் ஹிந்து அணிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வேளையில், அனுபவத்திலும் ஆற்றலிலும் முதல்வராகிய பாலு தாண்டப்பட்டார். 1913-இல் தலைவராக்கப்பட்ட ஸ்ரீ எம். டி. பை, இப்பதவி மூத்தவராகிய பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய நேர்மையைப் போற்றுகிறோம். ஆனால் சபையோரின் காதில் அது ஏறவில்லை. 1920-இல் பாலுவை முதல் ஆட்டத்தில் சேர்க்காது விட்டனர். தலைவர் பை ஆடமுடியாதபோது, தலைமை பாலுவின் தம்பி விட்டலைத் தாண்டி வேறொருவருக்குச் சென்றது. அப்போது விட்டலும் சிவராமும் ஒரு காரியம் செய்தனர். காரணத்தைப் பகிரங்கமாக அறிவித்துவிட்டு அணியிலிருந்து விலகினர். கெஞ்சவில்லை; ஏசவில்லை. உழைப்பைக் கேட்பவன் மரியாதையையும் கொடுக்கவேண்டும் என்றனர். தேசத்தில் ஒத்துழையாமை பேசப்பட்ட அந்த வருஷத்திலேயே அது மைதானத்திலும் நிகழ்ந்தது. ஊர் கலங்கிற்று. இறுதிப் பந்தயத்திற்குப் பாலு உபதலைவராக அழைக்கப்பட்டார்; பை வெளியே சென்ற சிறிது நேரம் அணியை அவரே நடத்தினார். 1923-இல் விட்டல் முழுத் தலைவராகி, ஐரோப்பியரை வென்று கோப்பையைக் கொணர்ந்தார். அண்ணன் விதைத்ததைத் தம்பி அறுத்தார்.

பிற்காலத்தில் பாலு அரசியலில் இறங்கினார். 1932-இல் புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். 1937-இல் காங்கிரஸ் அபேட்சகராக, தம்மை இளமையில் பெரிதும் மதித்த டாக்டர் அம்பேத்கரை எதிர்த்துப் பம்பாயில் நின்றார். அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. அத்தேர்தலில் யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்தில் நாம் இங்கு இறங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்வோம். ஒடுக்கப்பட்ட வகுப்பின் ஈடற்ற இருவரை எதிரெதிரே நிறுத்தி வேடிக்கை பார்த்தவர்கள், அவ்விருவருக்கும் முன்னதாகவே கொடுத்திருக்கவேண்டிய கோப்பைத் தேநீரைக் கொடுத்திருந்தால், அரசியலுக்கு அத்தனை வேலை இருந்திராது. பாலு 1955-இல் காலமானார்.

அமெரிக்காவின் கதையும் இதே இடத்தில்தான் வந்து முட்டியது. 1972 அக்டோபர் 15-ந் தேதி, தாம் நுழைந்த இருபத்தைந்தாம் ஆண்டைக் கொண்டாட அழைக்கப்பட்டு மைதானத்தில் நின்ற ராபின்சன், பாராட்டுக்கு நன்றி கூறியதோடு அமையாமல், ஓர் அணியை நடத்தும் நிர்வாகியாகக் கறுப்பர் ஒருவரைக் காணும்போதுதான் தமக்கு முழுமகிழ்ச்சி என்று அறிவித்தார். ஒன்பதாம் நாள் உயிர் துறந்தார். அவர் விரும்பியது 1975-இல்தான் நிறைவேறியது. ஆட்டக்காரனாக உள்ளே விடுவதற்கும், தலைவனாக ஏற்பதற்கும் இடையே அந்நாட்டில் 28 ஆண்டுகள் கழிந்தன. அதன் காரணம் எளிது. உள்ளே விடுபவன் அவனுடைய கையைப் பயன்படுத்திக்கொள்கிறான். தலைவனாக ஏற்பவனோ அவனுடைய அறிவுக்குத் தலைவணங்குகிறான். முன்னது லாபம், பின்னதே நீதி.

“பழங்கதை, அக்காலத்து வழக்கம் அப்படி. இன்று கிளறுவானேன்?” என்பார் உளர். வக்கீல் தொழிலில் காலாவதிச் சட்டம் என்றொன்றுண்டு. குறித்த காலத்திற்குள் வழக்கிடாவிட்டால் கடன் செல்லாது. அறத்தின் கடனுக்கு அச்சட்டம் பொருந்தாது. மேலும் இது பழங்கதைதானா? நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரட்டைக் குவளை அடியோடு ஒழிந்துவிட்டது என்று, மனச்சாட்சியைத் தொட்டுச் சத்தியம் செய்ய நம்மில் எத்தனை பேர் முன்வருவர்? ஊர்தோறும் இளைஞர் விளையாட்டுக் கழகங்கள் இருக்கின்றன. அவற்றுட் சில தெருவின் பெயராலும், சில சாதியின் நிழலிலும் நடப்பதை அறியாதவர் யார்?

ஆகவே தேசத்தொண்டில் ஈடுபட்ட நம் நண்பர்களிடம் மூன்று வினாக்களை வைக்கிறோம். உங்களூர் மைதானத்தில் பந்தை மட்டும் பெற்று மட்டையைப் பெறாத சிறுவன் யார்? கழகத்தின் தலைவனைத் தேர்ந்தெடுக்கும்போது தாண்டப்படுபவன் யார்? ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கையில் தனியே நிற்பவன் யார்? இம்மூன்றுக்கும் ‘ஒருவருமில்லை’ என்ற விடை கிடைக்கும் ஊரில்தான் சுயராஜ்யம் வந்து சேர்ந்திருக்கிறது. ஏனைய ஊர்களில் அது இன்னும் வழியில் இருக்கிறது.

புன்னக்காயலை விட்டுப் புறப்படுமுன், மறுநாட் காலை கடைத்தெருவில் ஒரு மட்டை வாங்கி, நண்பரின் வீட்டில் கொடுத்து, அந்த இடக்கைச் சிறுவனிடம் சேர்ப்பிக்குமாறு சொல்லிவிட்டு வந்தோம். பெரிய தர்மமொன்றும் அன்று. அவன் ஆடுவானோ, அவனும் பிறரைப் பந்து போடச் சொல்லி மட்டையைப் பிடித்துக்கொள்வானோ, அது அவன் கையில் இருக்கிறது. கொடுக்கும்போது ஒரு சொல் மட்டும் சொல்லச் சொன்னோம்: ஒரு பொழுது உனது, ஒரு பொழுது மற்றவனது.